அரிசி டிரம்முக்குள் காய்ந்த கடல் தண்ணீர்

கேள்வி: மகனுக்கு மொட்டை போட குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம். கடலில் நின்று படம் எடுக்கும்போது அலை அடித்து போன் கையைவிட்டு விழுந்துவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டோம். அப்போது போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் முந்தானையில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் தானாக அணைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, எல்லோரும் சொன்னபடி இரண்டு நாள் அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் சார்ஜ் போட்டு ஆன் செய்தபோது கம்பெனி பெயர் வந்தது. உடனே திரை இருண்டு, சார்ஜர் குத்தும் இடம் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. கருகிய வாடையும் வந்தது. இங்குள்ள கடையில் "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். போன் போனால் போகட்டும் ஐயா. இரண்டு வருடத்துக்கு முன்பு தவறிய என் அப்பா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதில்தான் இருக்கிறது. மெமரியை மட்டும் தனியாகக் கழற்றி எடுக்க முடியுமா? அரிசியில் போட்டது தப்பா? இப்போது என் சிம்மை கணவரின் பழைய போனில் போட்டிருக்கிறேன். வாட்ஸ்அப் இன்னும் போடவில்லை.
வாசகி, சங்கரன்கோவில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரி எனக்குப் பெரிய ஆறுதல். வாட்ஸ்அப் இன்னும் போடவில்லை என்கிறீர்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை போடாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அப்பாவின் போன் எங்கே? கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பும் வாய்ஸ் மெசேஜ், கேட்பவர் போனில் இருப்பதுபோலவே பேசியவர் போனிலும் ஒரு பிரதியாகத் தங்கும். அப்பா உங்களுக்கு அனுப்பியவை, அவர் அழிக்காமல் விட்டிருந்தால், அவர் போனிலும் இருக்கும். தவறியவர்களின் போன் பெரும்பாலும் பீரோவில் வேட்டிக்கு அடியில் கிடக்கும், இல்லையென்றால் பேரப்பிள்ளைகள் கேம் விளையாடக் கைமாறியிருக்கும். இன்றைக்கே அதைத் தேடி எடுங்கள். பிள்ளைகளிடம் இருந்தால் வாங்கி வையுங்கள். அதை யாரும் ரீசெட் செய்யக் கூடாது, வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்யக் கூடாது, இடம் போதவில்லை என்று எதையும் அழிக்கக் கூடாது.

இரண்டு வருடம் சார்ஜ் இல்லாமல் கிடந்த போன் என்றால், எடுத்ததும் சார்ஜரைக் குத்திவிடாதீர்கள். மேசைமேல் மல்லாக்க வைத்துப் பாருங்கள். சமமாக உட்காராமல் ஆடினாலோ, ஓரத்தில் மூடியோ திரையோ தூக்கிக்கொண்டு நின்றாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அழுத்தவும் கூடாது, குத்தவும் கூடாது. கடையில் கொடுத்து பேட்டரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அப்பாவின் குரல் இருப்பது போனுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டில். பேட்டரி மாற்றுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. லாக் பேட்டர்ன் தெரியாவிட்டால் ஊகித்துப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். அம்மாவைக் கேளுங்கள். அப்பா கோடு இழுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர்தானே.

போன் திறந்ததும் வாட்ஸ்அப் பழைய நம்பரைச் சரிபார்க்கச் சொல்லி உள்ளே விடாமல் நிற்கலாம். அதற்காகக் கலங்க வேண்டாம். ஃபைல் மேனேஜருக்குள் போய் ஆண்ட்ராய்டு, மீடியா, வாட்ஸ்அப் என்று இறங்குங்கள். கொஞ்சம் பழைய போன் என்றால் வாட்ஸ்அப் என்ற பெயரிலேயே வெளியில் இருக்கும். அதற்குள் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்று ஒன்று உண்டு. வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்து அடுக்கியிருக்கும். ஒவ்வொரு குரல் பதிவின் பெயரிலும் வருடம், மாதம், தேதி எண்களாக இருக்கும். அந்த வாய்ஸ் நோட்ஸ் முழுவதையும் அப்படியே ஒரு பென்டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ பிரதி எடுத்துவிடுங்கள். எது யாருக்கு அனுப்பியது என்று அப்புறம் உட்கார்ந்து கேட்டுப் பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்தது வாட்ஸ்அப் விஷயம். உங்கள் பழைய போனில் கூகுள் கணக்குக்கு பேக்கப் போகும்படி அமைத்திருந்தீர்களா என்று உங்களுக்கே நினைவிருக்காது. பலருக்கும் போன் வாங்கித் தந்த தம்பியோ கடைக்காரரோ முதல் நாளே அமைத்துவிட்டிருப்பார். கணவரின் போனில் உங்கள் பழைய கூகுள் கணக்கைச் சேர்த்து, கூகுள் டிரைவ் செயலியில் 'பேக்கப்' என்ற இடத்தைப் பாருங்கள். வாட்ஸ்அப் பேக்கப் இருந்தால் கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தது என்பது உட்பட அங்கே தெரியும். இருந்தால், அதே நம்பர், அதே கூகுள் கணக்கு, இரண்டும் அந்த போனில் இருப்பதை உறுதி செய்துகொண்டு வாட்ஸ்அப்பைப் போடுங்கள். நம்பரைச் சரிபார்த்ததும் 'ரீஸ்டோர்' செய்யட்டுமா என்று கேட்கும். அங்கே 'ஸ்கிப்' என்று கடந்துபோனவர்கள் எத்தனையோ பேர் என் கடையில் வந்து நின்றிருக்கிறார்கள். கடந்துவிட்டால் வாட்ஸ்அப் வெறும் பலகையாகத் தொடங்கும். அன்றிரவே அது புதிதாக ஒரு பேக்கப் எடுத்தால், பழையதன்மேல் புதியது ஏறிவிடும். அப்பாவின் குரல் இருந்த பேக்கப் போய்விடும். இதற்காகத்தான் பொறுக்கச் சொன்னேன். நல்ல வைஃபை கிடைக்கும் இடத்தில், முழு சார்ஜோடு, அவசரமில்லாத நேரத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். அந்த போனில் கணவரின் வாட்ஸ்அப் ஏற்கெனவே இருந்தால் அதன்மேல் கைவைக்காமல் வேறு போனில் செய்யுங்கள்.

குடும்ப குரூப்பில் அப்பா பேசியது இருந்தால் அக்கா, தம்பி, சித்தப்பா என்று அத்தனை பேர் போனிலும் இருக்க வாய்ப்பு உண்டு. அவர்களிடமும் இன்றே சொல்லி வையுங்கள்.

இனி தண்ணீரில் விழுந்த போனுக்கு வருகிறேன்.

2015 டிசம்பரில் நான் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் போர்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து வடிந்த அந்த வாரத்துக்குப் பிறகு சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை, முடிச்சூர் பக்கத்திலிருந்து ஜனங்கள் கேரி பையில் போன்களைப் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஒரு பையில் ஐந்து போன், ஆறு போன். சேறு காய்ந்து திரையில் அப்பியிருக்கும். அந்த மாதம் கற்றுக்கொண்டதுதான் இன்றுவரை என் தொழிலுக்கு அடிப்படை. சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்த நிலையில் சேற்றுத் தண்ணீரில் மூன்று நான்கு நாள் ஊறிய போன்கள், கழுவிச் சுத்தம் செய்ததும் உயிரோடு எழுந்தன. ஐந்தே நிமிடம் நனைந்து, 'நல்லாத்தானே இருக்கு' என்று வீட்டிலேயே சார்ஜ் போட்ட போன்கள் கருகிப் போயிருந்தன. ஊறிய நேரத்தைவிட, ஈரம் இருந்தபோது உள்ளே மின்சாரம் ஓடியதா இல்லையா என்பதுதான் முடிவு செய்தது.

காரணம் எளிது. சாதாரண தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு கரைந்திருக்கும். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அந்தத் தண்ணீர் நின்று, மின்னழுத்தம் 1.23 வோல்ட்டைத் தாண்டினால் மின்பகுப்பு தொடங்கலாம். உங்கள் பேட்டரியோ ஏறத்தாழ 4 வோல்ட் தருவது. ஒரு முனையில் இருக்கும் செம்பும் வெள்ளீயமும் கரைந்து, மறுமுனையை நோக்கிப் பாசிபோலப் படர்ந்து, கடைசியில் இரண்டையும் தொட்டுவிடும். நாங்கள் 'ஷார்ட்' என்று சொல்வது அதைத்தான். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. குழாய்த் தண்ணீரில் மணிக்கணக்கில் நடக்கிற வேலை அதில் நிமிடக்கணக்கில் நடக்கும். நீங்கள் எடுத்தபோது போன் ஓடிக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல அறிகுறிபோலத் தெரிந்திருக்கும். உள்ளே அரிப்பு நடந்துகொண்டிருந்ததும் அதே நேரத்தில்தான். சாயங்காலம் அது அணைந்தது அதனால்தான்.

அரிசி விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எல்லார் வீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டதால் நேராகச் சொல்கிறேன்: தப்புதான், கடல் தண்ணீருக்கு இரட்டைத் தப்பு. திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில் பாத்தி பாத்தியாக உப்பளம் பார்த்திருப்பீர்கள். அங்கே என்ன செய்கிறார்கள்? கடல் தண்ணீரை நிறுத்திக் காயவிடுகிறார்கள், தண்ணீர் போய் உப்பு தங்குகிறது. அரிசிக்குள் இரண்டு நாள் வைத்த உங்கள் போனுக்குள்ளும் அதேதான் நடந்திருக்கிறது. ஐசி எனப்படும் சில்லுகளுக்கு அடியில், தகர மூடிகளுக்குள், பொட்டுப் பொட்டாக உப்பு. அது சும்மாவும் கிடக்காது. மழை நாளில் கல் உப்பு ஜாடி கசிகிறது அல்லவா, அதுபோல ஈரக்காற்று பட்டதும் மறுபடி கசிந்து, மறுபடி அரிக்கும். அரிசி தவிட்டுப் பொடி சார்ஜர் துளைக்குள் போய் அடைத்துக்கொள்வது தனி. அரிசிப் பையில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எழுதியிருக்கிறது.

திருச்செந்தூரில் கடலில் முழுகியவர்கள் நேரே வீட்டுக்குப் போவதில்லை, நாழிக்கிணற்றுக்குப் போய் நல்ல தண்ணீரில் குளிக்கிறார்கள். போனுக்கும் அன்றைக்கு அதுதான் தேவையாக இருந்தது. ஆஃப் செய்து, ஒரு பாட்டில் நல்ல தண்ணீரை மேலே ஊற்றி உப்பைக் கழுவி, சிம் தட்டைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி துணியில் சுற்றி, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோவது. நனைந்த போனை இன்னும் நனைக்கச் சொல்கிறேனே என்று யாருக்கும் தோன்றும். உப்புத் தண்ணீர் பட்ட போனுக்கு, ஆஃப் செய்த பிறகு, நல்ல தண்ணீரால் வரும் கெடுதல் உப்பால் வரும் கெடுதலுக்குப் பக்கத்தில்கூட வராது. வாட்டர் ப்ரூஃப் என்று பெட்டியில் போட்ட போனுக்கும் இதுவே வழி. ஐபி67 என்பது நல்ல தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வைத்துப் பார்த்த சோதனை, அதுவும் புது போனில். ஒருமுறை டிஸ்ப்ளே மாற்றியிருந்தாலே தண்ணீர் புகாமல் தடுக்கும் பசை போயிருக்கும். முடி உலர்த்தும் சூடான காற்று, உச்சி வெயில், இரண்டும் வேண்டாம்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இப்போது அந்த போனில் என்ன மிச்சம் இருக்கிறது?

நீங்கள் எழுதிய இரண்டு விவரங்களைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். ஒன்று, மூன்றாம் நாள் கம்பெனி பெயர் வந்தது. அந்தப் பெயர் திரையில் வர வேண்டுமென்றால் போனின் மூளையான சிபியு வேலை செய்து, மெமரியைத் தொட்டுப் படித்திருக்க வேண்டும். அதாவது அந்த நிமிடம்வரை இரண்டும் உயிரோடு இருந்தன. இரண்டாவது, சுட்டது சார்ஜர் குத்தும் இடம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அது மெயின் போர்டில் இருக்காது. கீழே தனியாக சப் போர்டு என்று ஒரு சின்னப் பலகையில் இருக்கும், அதை மாற்றிக்கொள்ளலாம். சூடு மெயின் போர்டுக்கும் பரவியிருக்கலாம், மின்சாரத்தைப் பங்கிடும் பவர் ஐசி பக்கம் ஷார்ட் ஆகியிருக்கலாம், பிரித்துப் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் பிரிக்காமலேயே 'போர்டு போச்சு' என்று சொல்லியிருந்தால், அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதுபோலத் தண்ணீர் புகுந்த போன்கள் என் மேசையில் எழுந்திருக்கின்றன. எழாமலும் போயிருக்கின்றன.

மெமரியை மட்டும் கழற்றி எடுக்க முடியுமா என்று கேட்டீர்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த போன் என்றால் முடியும் என்று சொல்லியிருப்பேன். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் போனுக்குள் இருப்பதைப் பூட்டி வைப்பது மெல்ல மெல்லக் கட்டாயமாகிவிட்டது. பூட்டின் சாவி அந்த போனின் சிபியுவோடு பிணைந்தது. மெமரி ஐசியைக் கழற்றி வேறு கருவியில் வைத்தால் கிடைப்பது யாரும் படிக்க முடியாத குப்பை. ஆகவே அந்த போர்டே, அதே சிபியு, அதே மெமரியோடு, ஒரு மணி நேரமாவது உயிர் பெற்றாக வேண்டும். அதற்கு வேறு வழி இல்லை.

எப்படி உயிர் கொடுப்பது? முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கி, போர்டை வெளியே எடுத்து, ஐசிகளின் மேல் மூடியிருக்கும் தகரத்தைக் கழற்ற வேண்டும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்த இடம் மழைக்காலத்துக் கிணற்றுப் படிபோல இருக்கும்: கனெக்டர் பின்களின் மேல் பச்சை, கடுகில் பாதி அளவுகூட இல்லாத கெப்பாசிட்டர் என்ற மின்பொருள்களின் ஓரத்தில் வெள்ளைப் பூ, நடுவில் எங்காவது ஒரு கறுப்புப் புள்ளி. அந்தக் கறுப்புதான் கருகிய இடம். பல கடைகளில் இதைப் பார்த்ததும் ஐபிஏ என்ற ஆல்கஹாலை ஊற்றி பிரஷ் போட்டுத் தேய்த்து முடித்துவிடுவார்கள். கடல் தண்ணீருக்கு அது போதாது. சமையல் உப்பு ஐபிஏவில் கரையாது என்றே சொல்லலாம், தண்ணீரில்தான் கரையும். அதனால் முதலில் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் மெஷினில் சில நிமிடம் ஓட்டி, உப்பை எடுத்த பிறகுதான் 99 சதவீத ஐபிஏவில் முக்கித் தண்ணீரை விரட்ட வேண்டும். நன்றாக உலர்ந்தபின் பேட்டரிக்குப் பதிலாக டிசி பவர் சப்ளையில் இணைத்து, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்ப்போம். சுவிட்சை அழுத்துவதற்கு முன்பே முள் ஏறினால் எங்கோ ஷார்ட். எந்தப் பொருள் சுடுகிறது என்று தேடி, அதை எடுத்துவிட்டு, மறுபடி பார்ப்போம். சில நேரம் ஒரே ஒரு கெப்பாசிட்டர்தான் மொத்த போர்டையும் பிடித்து வைத்திருக்கும்.

நீங்கள் கடைக்குப் போனதும் இப்படிச் சொல்லுங்கள்: "எனக்கு போன் வேண்டாம், டேட்டா மட்டும் போதும்." இந்த ஒரு வாக்கியம் வேலையின் போக்கையே மாற்றிவிடும். போனைத் திரும்ப ஓடவைத்தால் போதும் என்று நினைக்கிற கடைக்காரர், நல்ல எண்ணத்தோடேயே போர்டை மாற்றிவிடுவார். உங்கள் கைக்குப் பளபளவென்று ஓடும் போன் வரும், அதில் அப்பா இருக்க மாட்டார். அல்லது கம்பெனி பெயரோடு நின்றுபோகிறது என்று சாஃப்ட்வேர் ஏற்றிப் பார்ப்பார். ரீசெட் ஆனாலே பூட்டின் சாவி அழிந்துவிடும், அதன்பிறகு யாராலும் திறக்க முடியாது. என் தொழிலின் ஆரம்ப நாட்களில் நானே ஒருவருடைய போனை அப்படி ஏற்றி, அவருடைய மகள் கல்யாணப் படங்களை இழக்கவைத்திருக்கிறேன். அவர் ஒன்றும் பேசாமல் போனை வாங்கிக்கொண்டு போன முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். போர்டை மாற்றக் கூடாது, சாஃப்ட்வேர் போடக் கூடாது, என்னைக் கேட்காமல் ரீசெட் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முடியாவிட்டால் அதே பழைய போர்டைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஒரு கடையில் முடியாதது இன்னொரு கடையில் முடியலாம், ஐசியைக் கழற்ற அடிக்கும் ஹாட் ஏர் என்ற சூடான காற்று அதிகம் படாமல் இருந்தால். மைக்ராஸ்கோப்பும் அல்ட்ராசோனிக் மெஷினும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். சங்கரன்கோவிலில் இல்லையென்றால் திருநெல்வேலி, மதுரை போன்ற ஊர்களில் போர்டு வேலை மட்டுமே செய்கிறவர்களைத் தேடிப் போங்கள். எடுக்க முடியாவிட்டால் எவ்வளவு வாங்குவார்கள் என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அதுவரை அந்த போனை மறுபடி சார்ஜில் போட்டுப் பார்க்காதீர்கள். 'ஒரு தடவை பார்க்கலாமே' என்று தோன்றும், வீட்டில் யாராவது சொல்வார்கள். மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் உள்ளூர்க் கடையில் பேட்டரி கனெக்டரை மட்டும் கழற்றி வாங்கி வையுங்கள். நாளாக ஆக அரிப்பு கூடும், ஆகவே இந்த வாரத்துக்குள் கொண்டுபோங்கள். உங்கள் லாக் பின் நம்பரை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அணைந்து எழுந்த போன் கைரேகையை ஏற்காது, நம்பர் அல்லது பேட்டர்ன்தான் கேட்கும். தினமும் விரலை வைத்தே திறந்து பழகியவர்கள் அந்த நேரத்தில் நம்பரை மறந்து தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். போனில் தனியாக மெமரி கார்டு போட்டிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். அந்தக் கார்டுகள் கடல் தண்ணீரையும் பெரும்பாலும் தாங்கும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கார்டு ரீடரில் பார்க்கலாம்.

போர்டு எழுந்தால், எவ்வளவு நேரம் ஓடும் என்று எந்த டெக்னீஷியனாலும் சொல்ல முடியாது. சில போன்கள் மாதக்கணக்கில் ஓடும், சில இருபது நிமிடத்தில் மறுபடி படுத்துவிடும். ஆகவே மேசைக்குப் பக்கத்தில் நீங்களோ கணவரோ நில்லுங்கள். எழுந்ததும் ஏரோபிளேன் மோடில் போட்டு, யூஎஸ்பி கேபிள் வழியாக கம்ப்யூட்டரில் இணைக்கச் சொல்லுங்கள். முதலில் எடுக்க வேண்டியது வாய்ஸ் நோட்ஸ். குரல் பதிவுகள் அளவில் சின்னவை, வருடக்கணக்கில் சேர்ந்தவைகூடச் சில நிமிடங்களில் வந்துவிடும். அது வந்து, ஒன்றிரண்டைப் போட்டுக் கேட்டு, இன்னொரு பென்டிரைவிலும் ஏற்றிய பிறகு படங்கள். வீடியோக்கள் கடைசியில்.